சீனியர் ராங்ளருக்கும் அரியர்: பல்கலைக்கழகக் கணிதத் தேர்வில் மதிப்பெண் பரவலின் வடிவம்

1. கேள்வி

செமஸ்டர் முடிவு வெளியான மறுநாள் ஒரு பொறியியல் கல்லூரியின் கணிதத் துறையில் என்ன பேசிக்கொள்வார்கள் என்று ஊகிப்பது கடினமல்ல. மற்ற தாள்களில் பெரும்பாலோர் தேறியிருப்பார்கள். கணிதத்தில் மட்டும் ஒரு கூட்டம் அரியரோடு நிற்கும். மேல்முனையில் சிலர் நூற்றை நெருங்கியிருப்பார்கள். முதல்வர் விளக்கம் கேட்பார். பையன்களுக்கு அடிப்படை போதாது என்பார் ஆசிரியர். வினாத்தாள் பாடத்திட்டத்தைத் தாண்டிப் போய்விட்டது என்பார்கள் மாணவர்கள். கணிதம் எல்லோருக்கும் வராது என்பதில் மட்டும் இரு தரப்பும் ஒத்துப்போவார்கள்.

அந்த ஒப்புதலைத்தான் இக்கட்டுரை ஆராய்கிறது. கணிதத் தாளின் மதிப்பெண்களை வரைபடமாக வரைந்தால் கிடைக்கும் வடிவம் மாணவர்களின் இயல்பான ஆற்றலைக் காட்டும் கண்ணாடி என்பது அதன் உட்பொருள். இதோடு ஒட்டிய இன்னொரு நம்பிக்கையும் உண்டு: ஒழுங்கான தேர்வு என்றால் மதிப்பெண்கள் மணி வடிவ வளைவாக அமைய வேண்டும், அமையாவிட்டால் தாளிலோ வகுப்பிலோ கோளாறு. இந்த இரண்டு நம்பிக்கைகளும் ஒரே இடத்தில் பிறந்தவை. பிறந்த இடத்திலேயே அவற்றுக்கு எதிரான சான்றும் இருந்தது. கணிதத் தேர்வின் மதிப்பெண் வடிவத்தைப் பெருமளவு ஆக்குவது வினாத்தாளின் கட்டமைப்பு, திருத்தும் முறை, தேர்ச்சி விதி ஆகிய மூன்றும்தான் என்பது என் வாதம். மாணவரின் திறன் அந்த அச்சுக்குள் ஊற்றப்படும் பொருள். அச்சை மாற்றினால் அதே பொருள் வேறு உருவம் கொள்ளும்.

2. கால்டனின் அட்டவணை

பல்கலைக்கழகக் கணித மதிப்பெண்களின் பரவலைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய அச்சிட்ட சான்றுகளில் ஒன்று, பிரான்சிஸ் கால்டன் 1869இல் வெளியிட்ட 'பரம்பரை மேதைமை' நூலில் இருக்கிறது. அன்று கேம்பிரிட்ஜில் கணித ஹானர்ஸ் தேர்வை டிரைபாஸ் என்பார்கள். நாளொன்றுக்கு ஐந்தரை மணி நேரம் வீதம் எட்டு நாள் எழுத வேண்டும். தேறியவர்களை முதலிடத்திலிருந்து கடைசி வரை வரிசைப்படுத்தி அறிவிப்பார்கள். முதல் வகுப்பினருக்கு ராங்ளர் என்று பெயர். அவர்களில் முதல்வர் சீனியர் ராங்ளர்.

மதிப்பெண்களை வெளியே சொல்வது வழக்கமில்லை. ஒரு தேர்வாளரிடமிருந்து கால்டன் எப்படியோ பெற்றுவிட்டார். ஆனால் எந்த ஆண்டு என்று எவரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக இரண்டு ஆண்டுகளை ஒன்றாகக் கலந்து, ஆண்டுக்கு முதல் நூறு பேரை மட்டும் எடுத்து, 200 பேரின் அட்டவணையாகத் தந்தார். மொத்த மதிப்பெண் 17,000.

அட்டவணை சொல்வது இது. 500க்குக் கீழே 24 பேர். 500 முதல் 1,000 வரை 74 பேர். அடுத்த ஐந்நூறில் 38, அதற்கடுத்ததில் 21. பிறகு 11, 8, 11, 5 என்று தேய்ந்து 4,000ஐ எட்டுகிறது. 4,000க்கு மேல் மொத்தமே எட்டுப் பேர். 6,000க்கும் 7,500க்கும் இடையே ஒருவரும் இல்லை. அந்த வெற்றிடத்தைத் தாண்டித் தனியாக ஒருவர் நிற்கிறார்: 7,634. அதே ஆண்டில் இரண்டாமவர் பெற்றது 4,123. ஹானர்ஸ் பட்டியலின் கடைசி ஆள் பெற்றது 237.

இந்த எண்களை இன்றைய கண்ணால் பார்க்க வேண்டும். 200 பேரில் 98 பேர் ஆயிரத்தைத் தொடவில்லை. அதாவது ஏறத்தாழ பாதிப் பேர் 100க்கு 6 மதிப்பெண்ணுக்கும் குறைவு. இவர்கள் தோற்றவர்கள் அல்லர், ஹானர்ஸ் பட்டதாரிகள். எல்லோரையும் தாண்டி நின்ற சீனியர் ராங்ளரின் 7,634 என்பது 17,000இல் 44.9 விழுக்காடு. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளுக்கான விதிகளில் பல ஆண்டுகளாக இருக்கும் கோடு: செமஸ்டர் எழுத்துத் தேர்வில் குறைந்தது 45, அகமதிப்பீட்டோடு சேர்த்து 50. அந்த விதிப்படி கேம்பிரிட்ஜின் சீனியர் ராங்ளர் ஒரு நூலிழையில் அரியர் வைத்திருப்பார்.

வேடிக்கைக்காக இதைச் சொல்லவில்லை. 45 என்ற எண்ணுக்கும் 6 என்ற எண்ணுக்கும் தனியாகப் பொருள் எதுவும் கிடையாது. யாராலும் முழுவதும் எழுதி முடிக்க முடியாதபடி தாளை அமைத்தால் மதிப்பெண்கள் தரையோடு ஒட்டிக் கிடக்கும், வால் மட்டும் மேலே நீளும். எல்லோரும் முடிக்கக்கூடிய தாளில் கூட்டம் கூரையில் போய் முட்டும். இரண்டு வடிவத்தையும் ஒரே வகுப்பிலிருந்தே பெறலாம்.

கால்டனின் முடிவு வேறு. முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இடையிலான முப்பத்திரண்டு மடங்கு வேறுபாட்டை அவர் பிறவி ஆற்றலின் வேறுபாடாகவே வாசித்தார். பின்னாளில் 'இனமேம்பாட்டியல்' என்று பெயர் சூட்டப்பட்ட அவருடைய கொள்கைக்கு அது ஓர் அடிக்கல். அவர் கணக்கில் சேர்க்காத ஒன்று உண்டு. டிரைபாஸுக்கு மாணவர்கள் பணம் கொடுத்துத் தனிப் பயிற்சி பெற்றார்கள். 1854இல் இயற்பியலாளர் மேக்ஸ்வெல்லை இரண்டாமிடத்துக்குத் தள்ளிய எட்வர்ட் ரூத் பிறகு பயிற்சியாளரானார்; அவரிடம் படித்தவர்களே இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் சீனியர் ராங்ளர் ஆனார்கள். பிறவிக் கொடை ஒரே ஆசிரியரின் வகுப்பறையில் மட்டும் ஆண்டுதோறும் வந்து குவியுமா? கால்டனுக்கு இது தெரியாத உலகமல்ல. அவரே 1840களில் டிரினிட்டியில் தனிப் பயிற்சியாளரிடம் கணிதம் படித்து, உடலும் மனமும் தளர்ந்து, ஹானர்ஸ் எழுதாமல் சாதாரணப் பட்டத்தோடு வெளியேறியவர்.

3. ஒரே அத்தியாயத்தில் இரண்டு வடிவங்கள்

அந்த அத்தியாயத்தின் பின்பகுதியில் கால்டன் புள்ளியியலாளர் கெட்டலேயின் 'சராசரியிலிருந்து விலகும் விதி'யை, அதாவது இன்று நாம் இயல்நிலைப் பரவல் என்பதை, அறிவாற்றலுக்கும் பொருத்துகிறார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட மதிப்பெண்கள் டிரைபாஸினுடையவை அல்ல. 1868 டிசம்பரில் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியின் சேர்க்கைத் தேர்வில் எழுபது சொச்சம் பேர் பெற்றவை. அங்கே நடுவில் கூட்டம், இருபுறமும் சரிவு. மணி வளைவு பொருந்திவிட்டது.

ஏன் இங்கே பொருந்தியது, அங்கே பொருந்தவில்லை? சாண்ட்ஹர்ஸ்ட் மதிப்பெண் பல பாடங்களின் கூட்டுத்தொகை. ஒன்றையொன்று முழுவதும் சாராத பல தொகைகளைக் கூட்டினால் விளைவு மணி வடிவத்தை நோக்கி நகரும். இது நிகழ்தகவியலின் அடிப்படைத் தேற்றங்களில் ஒன்று. ஒருவர் மொழியில் இழந்ததை வரலாற்றில் பிடிப்பார், இன்னொருவர் மறுதலையாக. டிரைபாஸோ ஒரே பாடம். அங்கே ஈடுகட்ட வேறு இடமில்லை. ஆகவே மணி வடிவம் தோன்றுவது கூட்டலின் விளைவு. அதைக் கொண்டு மனித மூளையைப் பற்றி எதையும் முடிவுகட்ட முடியாது. நம் கல்லூரிகளிலும் எட்டுச் செமஸ்டர்களின் மொத்தத் தரப்புள்ளி ஓரளவு மணிபோல அமையலாம். அதிலிருந்து ஒற்றைக் கணிதத் தாளும் அப்படி அமைய வேண்டும் என்று எதிர்பார்ப்பது தர்க்கப் பிழை.

கால்டனின் எண்களை வைத்து இன்னொரு சிறு சோதனை செய்து பார்த்தேன். இடைவெளிகளைச் சமமாக ஐந்நூறு ஐந்நூறாகப் பிரிக்காமல், ஒவ்வொன்றும் முந்தியதைப்போல இரு மடங்கு இருக்கும்படி பிரித்தால், கீழிருந்து மேலாக 24, 74, 59, 35, 8 என்று கிடைக்கிறது. ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்த பரவல் நிமிர்ந்து நிற்கிறது. முதல் நூறு பேரோடு பட்டியல் வெட்டப்பட்டிருப்பதால் இடப்பக்க வால் முழுமையானதல்ல என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். இருந்தாலும் குறிப்பு தெளிவானது: இங்கே காரணிகள் கூடவில்லை, பெருகுகின்றன. வேகம், துல்லியம், நினைவு, எட்டு நாள் தாங்கும் உடல் ஆகிய எல்லாவற்றிலும் சற்றுச் சற்று மேலாக இருப்பவர், பெருக்கலில் பல மடங்கு மேலே போய்விடுவார்.

இந்தப் பெருக்கல் வகைப் பரவலுக்கான கணிதத்தை 1879இல் எழுதித் தந்தவர் டொனால்ட் மக்காலிஸ்டர். எழுதச் சொன்னவர் கால்டனேதான். மக்காலிஸ்டர் 1877ஆம் ஆண்டின் சீனியர் ராங்ளர் என்பது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. எந்தத் தேர்வு அந்த வடிவத்தைக் காட்டியதோ, அதே தேர்வில் முதலிடம் பெற்றவர் அந்த வடிவத்துக்குச் சூத்திரம் எழுதினார். பிறகு கல்விக்கூடங்கள் நினைவில் வைத்துக்கொண்டதோ மணி வளைவை மட்டும்.

4. வளைவு விதியான கதை

பொருளியலாளர் எட்ஜ்வொர்த் 1888இல் தேர்வுகளின் புள்ளியியலைப் பற்றி எழுதிய கட்டுரை ஒரு முக்கியமான வேறுபாட்டுக்கு வழி திறந்தது. ஒரே விடைத்தாளைப் பலர் திருத்தினால் மதிப்பெண்கள் சிதறும். அந்தச் சிதறல் அளவீட்டுப் பிழை. அதற்கு இயல்நிலைப் பரவலைப் பயன்படுத்துவதற்கு நியாயம் உண்டு. ஒரு வகுப்பின் மாணவர்களோ ஒரே உண்மையைச் சுற்றிய பிழைகள் அல்லர். ஆனால் நடைமுறையில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழைக்கப்பட்டன.

அமெரிக்காவில் இது வெளிப்படையாக நடந்தது. மிசௌரி பல்கலைக்கழகத்தில் மாக்ஸ் மேயர் 1908இல் துறைவாரியாகத் தரங்களை எண்ணிப் பார்த்தார். மெய்யியலில் ஏ பெற்றவர்கள் 55 விழுக்காடு. ஒரு வேதியியல் பாடத்தில் 1 விழுக்காடு. ஆசிரியருக்கு ஆசிரியர் அளவுகோல் இவ்வளவு மாறினால் தரம் என்ற எழுத்துக்கு என்ன பொருள் என்று அவர் கேட்டது முற்றிலும் நியாயமான கேள்வி. அவர் தந்த தீர்வுதான் சிக்கலானது: வகுப்பை 3, 22, 50, 22, 3 என்ற விழுக்காடுகளில் பிரித்துவிடுவது. அதற்கு மூன்றாண்டு முன்பே உளவியலாளர் கட்டெல் 10, 20, 40, 20, 10 என்று ஒரு பிரிப்பை முன்மொழிந்திருந்தார். இரு பட்டியல்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. இயற்கையின் விதி என்றால் அது ஆளுக்கு ஆள் மாறாது அல்லவா.

நூறாண்டு கழித்து நம் பல்கலைக்கழக மானியக் குழுவின் விருப்பத்தேர்வுப் புள்ளி முறை வழிகாட்டி இரண்டு வகைத் தரமிடலைச் சொல்கிறது. முன்கூட்டியே வகுத்த மதிப்பெண் இடைவெளிகளின்படி தருவது ஒன்று. வகுப்பு பெற்ற மதிப்பெண்களின் பரவலைக் கொண்டு, ரிலேட்டிவ் கிரேடிங் என்று நாம் சொல்கிற வகையில், தருவது இன்னொன்று. இரண்டாவதை விளக்கும்போது அந்தப் பரவல் வழக்கமாக இயல்நிலைப் பரவல் என்று அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு வருகிறது. கெட்டலேயும் கால்டனும் மேயரும் அந்த அடைப்புக்குறிக்குள் ஒடுங்கிக் கிடக்கிறார்கள்.

சாய்ந்த பரவலின் மேல் இந்த முறையைப் போட்டால் என்ன ஆகும்? கால்டனின் 200 பேரையே எடுப்போம். இடைவெளிகளின் நடுப்புள்ளிகளைக் கொண்டு கணக்கிட்டால் சராசரி ஏறத்தாழ 1,450, திட்ட விலக்கம் ஏறத்தாழ 1,190. மணி வளைவுப்படி சராசரிக்கு மேல் ஒரு திட்ட விலக்கத்தைத் தாண்டி 32 பேர் இருக்க வேண்டும். அட்டவணையில் சுமார் 30 பேர். நன்றாகவே பொருந்துகிறது. கீழ்ப்பக்கம் பார்த்தால் சராசரிக்குக் கீழ் ஒரு திட்ட விலக்கம் என்பது 260. அதற்குக் கீழும் 32 பேர் இருக்க வேண்டும். ஆனால் ஓர் ஆண்டின் கடைசி ஆளே 237 எடுத்திருக்கிறார்; அந்தப் பகுதி ஏறத்தாழ காலி. ஒன்றரைத் திட்ட விலக்கம் கீழே போனால் எல்லைக்கோடு பூஜ்யத்துக்கும் கீழே, யாராலும் எட்ட முடியாத இடத்தில் விழுகிறது. ஒரே சூத்திரம் மேலே கறாராகவும் கீழே அர்த்தமற்றும் வேலை செய்கிறது. வினாத்தாள் எளிதாகிக் கூட்டம் மேலே குவிந்தால் இதே அநியாயம் தலைகீழாக நடக்கும்: 96க்கும் 92க்கும் இடையில் தர எல்லை வந்து விழும், ஒரு குறி பிழைத்தவர் ஒரு தரத்தை இழப்பார்.

5. கணிதத் தாளின் உள்ளமைப்பு

மற்ற பாடங்களிலும் மதிப்பெண்கள் சாயும். கணிதத்தில் ஏன் இவ்வளவு? எளிய கணக்கு ஒன்று போதும். ஐந்து படிகள் கொண்ட ஒரு கணக்கு. முந்திய படி சரியாக வந்தால்தான் அடுத்தது வரும். ஒவ்வொரு படியையும் 100க்கு 90 முறை சரியாகச் செய்யும் மாணவர் விடையை அடையும் வாய்ப்பு 59 விழுக்காடு. படிக்கு 80 என்றால் 33. படிக்கு 70 என்றால் 17. படியளவில் 90க்கும் 70க்கும் உள்ள வேறுபாடு சிறியது. ஒரே வகுப்பில் அருகருகே உட்கார்ந்திருப்பவர்களுக்கு இடையே இருக்கக்கூடியது. விடையளவில் அது மூன்று மடங்குக்கும் மேல். கட்டுரை வடிவில் விடையெழுதும் பாடங்களில் இந்தச் சங்கிலி இல்லை. இரண்டாவது பத்தி சறுக்கினாலும் மூன்றாவது பத்தி நிற்கும்.

இந்தச் சங்கிலியைத் தளர்த்துவதற்காகத்தான், சரியாகச் செய்த ஒவ்வொரு படிக்கும் மதிப்பெண் தரும் ஸ்டெப் மார்க் இருக்கிறது. இறுக்குவதற்கும் வழி உண்டு. இன்றைய கேம்பிரிட்ஜ் டிரைபாஸில் ஒரு கணக்கை ஏறத்தாழ முழுமையாக முடித்தவருக்கு ஆல்ஃபா, கணிசமாகச் செய்தவருக்குப் பீட்டா என்று தனித் தகுதிக் குறிகள் உண்டு. வகுப்பை நிர்ணயிப்பதில் ஆல்ஃபாவுக்கு எடை அதிகம். நான்கு கணக்குகளில் அரைகுறையாகக் கை வைத்தவரைவிட இரண்டை முடித்தவர் மேல் என்பது அதன் கருத்து. கணிதத்தின் இயல்புக்கு நெருக்கமான கொள்கை என்றே நினைக்கிறேன். ஆனால் அது பரவலை மேலும் அகட்டும். ஸ்டெப் மார்க் அதைச் சுருக்கும். இரண்டில் எது உண்மையான வடிவம் என்ற கேள்விக்கு விடை கிடையாது.

கேள்விகளுக்கு இடையிலும் சங்கிலி உண்டு. பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றையும் சரியாகச் செய்யும் வாய்ப்பு பாதி என்று கொள்வோம். கேள்விகள் ஒன்றையொன்று சாராவிட்டால் 1,024 பேரில் 252 பேர் சரியாக ஐந்தை முடிப்பார்கள். பூஜ்யமோ முழு மதிப்பெண்ணோ எடுப்பவர் இருவர்தான். எல்லாக் கேள்விகளும் ஒரே அறிவைச் சார்ந்திருந்தால் 512 பேர் பூஜ்யம், 512 பேர் நூறு. இரண்டிலும் சராசரி 50. சராசரியை மட்டும் பார்க்கும் முதல்வருக்கு இரண்டும் ஒன்றே. உண்மையான கணிதத் தாள் இந்த இரு முனைகளுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. எங்கே என்பதை முடிவு செய்பவர் கேள்வி எடுப்பவர்.

6. இரட்டைத் திமில்

புரிந்தவர்கள் ஒரு பக்கம், புரியாதவர்கள் ஒரு பக்கம். ஒட்டகத்தின் முதுகுபோல இரண்டு திமில் என்பது கணித ஆசிரியர்களிடையே நிலவும் பேச்சு. கணினி நிரலாக்கம் கற்பிப்பவர்களிடம் இது இன்னும் உறுதியான நம்பிக்கை. 2016இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் 778 கணினிப் பாட மதிப்பெண் பரவல்களைப் புள்ளியியல் சோதனைக்கு உட்படுத்திய ஆய்வொன்று, அவற்றில் 5.8 விழுக்காடு மட்டுமே ஒன்றுக்கு மேற்பட்ட முகடு கொண்டவை என்று கண்டது. அதைவிடச் சுவையான பகுதி இது: தெளிவற்ற வரைபடங்களை ஆசிரியர்களிடம் காட்டிக் கருத்துக் கேட்டபோது, சிலருக்கு வருகிறது சிலருக்கு வரவே வராது என்று நம்புகிறவர்களே அவற்றில் இரண்டு திமில்களைப் பார்க்கச் சாய்ந்தார்கள்.

இது கணினிப் பாடம். கணிதத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. மேலே சொன்ன சங்கிலி வாதப்படி கணிதத் தாளில் சில சமயம் உண்மையாகவே இரண்டு முகடு தோன்றலாம். ஆனால் தோன்றினாலும் அது பிறவி வேறுபாட்டுக்குச் சாட்சி ஆகாது.

7. மூன்று யூனிட் படித்தால்

தமிழ்நாட்டில் இலட்சக்கணக்கானோர் எழுதிய ஒரு தாளை எடுத்துக்கொள்வோம்: மூன்றாம் செமஸ்டரின் உருமாற்றங்களும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளும். மாணவர் வாயில் டிபிடிஇ. ஐந்து யூனிட். பழைய அமைப்பில் பத்து இரண்டு மார்க், ஐந்து பதினாறு மார்க். பதினாறு மார்க் ஒவ்வொன்றிலும் 'அல்லது' உண்டு, ஆனால் இரண்டு கேள்விகளும் அதே யூனிட்டிலிருந்துதான்.

இந்த அமைப்பு மாணவருக்குச் சொல்லித்தருவது வெளிப்படை. ஃபூரியர் தொடர், ஃபூரியர் உருமாற்றம், இசட் உருமாற்றம் ஆகிய மூன்றை நன்றாகத் தேய்த்துவிட்டால் 48. டிரிக்லே நிபந்தனைகளை எழுதுக என்பது போன்ற இரண்டு மார்க் கேள்விகளில் பாதியாவது தேறும். 58. பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளையும், அவற்றைக் கம்பியின் அதிர்விலும் உலோகத்தின் வெப்பத்திலும் பயன்படுத்தும் யூனிட்டையும் தொடாமலே தேர்ச்சி. அந்தப் பயன்பாட்டு யூனிட்தான் பாடத்தின் நோக்கமே. அதன் கணக்கு மாறிகளைப் பிரிப்பதில் தொடங்கி எல்லை நிபந்தனைகள் வழியாக ஃபூரியர் கெழுக்களில் முடியும் நீண்ட சங்கிலி. அதில் கை வைப்பது மாணவருக்கு நட்டக் கணக்கு.

ஆகவே இந்தத் தாளில் 58 எடுத்தவரும் 58 எடுத்த இன்னொருவரும் வேறு வேறு கணிதம் அறிந்தவர்களாக இருக்கலாம். ஒருவருக்கு மூன்று யூனிட் முழுவதும், மற்றவருக்கு ஐந்திலும் கொஞ்சம் கொஞ்சம். யூனிட் பிரிப்பும் 'அல்லது'வும் மதிப்பெண்களைப் பதினாறு பதினாறான படிக்கட்டுகளில் உட்காரவைக்கின்றன. அந்தப் படிக்கட்டின் ஓரத்தில் தேர்ச்சிக் கோடு ஓடுகிறது.

கோடு இருக்கும் இடத்தில் மனிதக் கை இருக்கும். நியூயார்க் மாநிலப் பள்ளிகளின் ரீஜென்ட்ஸ் தேர்வுகளில் தேர்ச்சிக் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்திருக்க வேண்டிய மதிப்பெண்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு கோட்டுக்கு மேலே தூக்கிவிடப்பட்டிருந்ததைப் பொருளாதார ஆய்வாளர்கள் காட்டினார்கள். அங்கே திருத்தியவர்கள் அந்தந்தப் பள்ளி ஆசிரியர்களே. ஊழல் என்பதைவிட இரக்கம் என்பதே அதற்குப் பொருத்தமான சொல்லாக எனக்குப் படுகிறது. திருத்துவதிலேயே உள்ள நெகிழ்வு இதற்கு இடமளிக்கிறது. ஸ்டார்ச், எலியட் என்ற ஆய்வாளர்கள் 1913இலேயே ஒரே வடிவியல் விடைத்தாளை நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிக் கணித ஆசிரியர்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். வந்த மதிப்பெண்கள் 30க்குக் கீழே தொடங்கி 90ஐத் தாண்டின. கணிதத்தில் விடை ஒன்றுதான், ஆகவே மதிப்பெண்ணும் ஒன்றுதான் என்ற எண்ணத்தை அந்த ஒற்றைத் தாள் உடைத்துவிட்டது.

தேர்ச்சிக் கோட்டையே அழித்த ஒரு தருணமும் நமக்கு உண்டு. 2020 ஆகஸ்டில், கொரோனாக் காலத்தில், அரியர் தேர்வுக்குப் பணம் கட்டியிருந்தவர்கள் தேர்ச்சி பெற்றவர்களாகக் கருதப்படுவார்கள் என்று தமிழக அரசு அறிவித்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் தேர்வில்லாத தேர்ச்சியைச் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்க மறுத்தது. தேர்ச்சி நிர்வாக முடிவு என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

8. யாருடைய மதிப்பெண்?

பரவலில் ஆசிரியரின் பங்கு என்ன என்பதைத் துல்லியமாக அளப்பது கடினம். நல்ல மாணவர்கள் நல்ல ஆசிரியரைத் தேடிப் போய்விடுவார்கள். இந்தச் சிக்கல் இல்லாத இடம் ஒன்று உண்டு: அமெரிக்க விமானப்படை அகாதெமி. அங்கே மாணவர்களை வகுப்புகளுக்குக் குலுக்கல்போலப் பிரித்து அனுப்புகிறார்கள். எல்லாப் பிரிவுகளுக்கும் ஒரே வினாத்தாள்; திருத்துவதும் கூட்டாக. ஸ்காட் காரல், ஜேம்ஸ் வெஸ்ட் இருவரும் 2000 முதல் 2007 வரை அங்கே படித்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளைப் பின்தொடர்ந்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். நுண்கணித முதல் தாளில், அனுபவம் குறைந்த ஆசிரியர்களின் மாணவர்கள் அந்தத் தாளில் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். ஆசிரியருக்கும் நல்ல மதிப்பீடு எழுதினார்கள். அனுபவமும் உயர்கல்வித் தகுதியும் மிக்க ஆசிரியர்களின் மாணவர்கள் அந்தத் தாளில் சற்றுப் பின்தங்கினார்கள். ஆனால் அடுத்தடுத்த கணிதப் பாடங்களில் முன்னே போனவர்கள் இவர்கள்தான்.

தேர்வுக்குத் தயார்படுத்துவதும் கணிதம் கற்பிப்பதும் வேறு என்பது எந்த ஆசிரியருக்கும் தெரிந்த செய்திதான். அந்த வேறுபாடு மதிப்பெண் பரவலில் தலைகீழாகப் பதிவாகும் என்பதுதான் புதிது. நம் கல்லூரிகளில் தேர்ச்சி விழுக்காட்டை வைத்து ஆசிரியரிடம் விளக்கம் கேட்கும் வழக்கத்தை இந்த முடிவின் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மாணவர் தரப்பிலும் விலை உண்டு. வில்லியம்ஸ் கல்லூரியை ஆராய்ந்த சாபட், வேக்மன்-லின் இருவரும் 1991இல் ஒரு கற்பனைக் கணக்குப் போட்டார்கள். முதல் கணிதப் பாடத்தின் தரங்களை ஆங்கிலத் துறையின் தாராளத்தோடு கொடுத்திருந்தால், மேலும் ஒரு கணிதப் பாடமாவது எடுப்பவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 80 விழுக்காடு கூடியிருக்கும் என்று அது காட்டியது. தரம் என்பது மாணவருக்கு விலைப்பட்டியல்போல. விலை அதிகமான கடைக்கு மறுபடி போக மாட்டார்கள். பாடங்களின் இடைநிலைத் தரங்களை வெளியிட்டால் மாணவர்கள் அதை எடைபோட்டுப் படிப்பார்கள் என்று நம்பிய கார்னல் பல்கலைக்கழகம் 1990களின் இறுதியில் அவற்றை இணையத்தில் போட்டது. அதைப் பார்த்து மாணவர்கள் தாராளமான பாடங்களை நோக்கி நகர்ந்தார்கள். பொறியியல் கணிதம் கட்டாயம் என்பதால் நம் மாணவருக்கு நகர வழியில்லை. விலையை அவர் அரியராகச் செலுத்துகிறார்.

இந்தக் கதை தொடங்கிய கேம்பிரிட்ஜ் தன் வரிசைப் பட்டியலை 1909க்குப் பிறகு கைவிட்டது. அந்த மாற்றத்துக்காகக் கடுமையாக வாதிட்டவர்களில் ஒருவர் கணிதவியலாளர் ஹார்டி. 1898இல் நான்காம் ராங்ளர். டிரைபாஸ் ஆங்கிலக் கணிதத்தைப் பாழாக்கியது என்பது அவருடைய உறுதியான கருத்து. சில ஆண்டுகள் கழித்து அவர் அழைத்துவந்த கும்பகோணத்து இளைஞர் 1916இல் அங்கே பட்டம் பெற்றது டிரைபாஸ் எழுதி அல்ல, ஆய்வுக்கட்டுரை தந்து. இராமானுஜன் அந்தத் தேர்வை எழுதியிருந்தால் எத்தனையாவது ராங்ளர் ஆகியிருப்பார் என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கால்டனுக்கு ஒரு தேர்வாளர் மதிப்பெண்களை எடுத்துக் கொடுத்ததால் 150 ஆண்டுக்கு முந்திய ஒரு வகுப்பின் வடிவத்தை நாம் இங்கே உட்கார்ந்து ஆராய முடிகிறது. நம் பல்கலைக்கழக விடைத்தாளின் முகப்புப் பக்கத்தில் கேள்வி எண்வாரியாகக் கட்டம் போட்டிருக்கிறது. திருத்துபவர் ஒவ்வொரு கேள்விக்குமான மதிப்பெண்ணை அதில் எழுதிக் கூட்டுகிறார். எந்த யூனிட்டை எத்தனை பேர் தொடவில்லை, எந்தக் கணக்கில் எத்தனை பேர் பாதியில் நின்றார்கள், 44இல் எத்தனை பேர், 45இல் எத்தனை பேர் என்பதெல்லாம் அந்தக் கட்டங்களில் இருக்கிறது. மாணவருக்குப் போய்ச் சேர்வது ஓர் எழுத்து.